கடலுக்கடியில் படம் எடுக்க ஒரு சின்னக் கேமரா: பினாங்குக்காரனின் அனுபவம்

பினாங்கில் எந்தப் பக்கம் போனாலும் கடல். ஆனால் பத்து ஃபெரிங்கியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் நம் கால் விரல் நமக்கே தெரியாது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்த கடல். இரண்டு கரையிலிருந்தும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால் இங்கிருந்து கடலுக்கடியில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் வடக்கே லங்காவிப் பக்கம் இருக்கும் பாயார் தீவுக்குப் படகேற வேண்டும். இல்லையென்றால் கிரிக், ஜெலி வழியாக மலையைக் கடந்து கோலா பெசூட் வரை காடி ஓட்டி, அங்கிருந்து கிழக்குக்கரைத் தீவான பெர்ஹெந்தியானுக்குப் போக வேண்டும். பாயாரிலும் சில நாள் தண்ணீர் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும். பெர்ஹெந்தியான் பெரும்பாலும் தெளிவு, ஆனால் நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. விடுதிகள் முக்கால்வாசி மூடிவிடும்.

கேமரா பற்றிப் பேசும் இடத்தில் தண்ணீரைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தரையில் கேமராவுக்கும் எடுக்கும் பொருளுக்கும் நடுவில் இருப்பது காற்று. அதை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. கடலில் நடுவில் இருப்பது தண்ணீர். அது வெளிச்சத்தைத் தின்னும், நிறத்தைத் தின்னும், கேமராவை அழுத்தும், சின்னச் சந்து கிடைத்தால் உள்ளே வந்துவிடும். உறவுக்காரர்களும் வேலையிடத்து நண்பர்களும் "எந்தக் கேமரா நல்லது?" என்று என்னைக் கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான். எவ்வளவு ஆழம் போவீர்கள்? எதை, எவ்வளவு கிட்டப் போய் எடுக்கப் போகிறீர்கள்? மெகாபிக்சல், ஜூம், திரையின் அளவு எல்லாம் அதற்கப்புறம்.

ஆழத்தை முதலில் பார்ப்போம். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே நாம் சுமப்பது ஒன்று. 10 மீட்டரில் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. ஸ்நோர்கலிங் மட்டும் செய்கிறவர் பெரும்பாலும் மேற்பரப்பில் மிதப்பார், மூச்சடக்கி முங்கினால் மூன்று, நான்கு மீட்டர் போவார். அவருக்கு ஒலிம்பஸ் டஃப் டிஜி வரிசை போன்ற தண்ணீர் புகாத கேமரா அப்படியே போதும். டிஜி-6, டிஜி-7 இரண்டும் ஹவுசிங் (கேமராவை உள்ளே வைத்துப் பூட்டும் தண்ணீர் புகாத கூடு) இல்லாமல் 15 மீட்டர் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். நிக்கான் டபிள்யூ300 என்று 2017இல் ஒன்று வந்தது, அது 30 மீட்டர். பழைய கேமரா சந்தையில் இன்னும் கண்ணில் படும்.

டைவிங் செய்கிறவருக்கு இந்த 15 மீட்டர் என்ற எண்தான் சிக்கல். ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலைச் சான்றிதழ் உள்ளவருக்கு 18 மீட்டர் வரை அனுமதி, அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவருக்கு 30. பெர்ஹெந்தியானில் சுகர் ரெக் என்று ஓர் இடம். சர்க்கரை ஏற்றிவந்த கப்பல் 2000இல் அங்கே மூழ்கியது. அதன் பக்கவாட்டில் நீந்திப் போகும்போதே 15ஐத் தாண்டிவிடுவோம். மீன் கூட்டம் கீழே இறங்கினால் நாமும் கூடவே இறங்குவோம். யாரும் அந்த நேரத்தில் கையிலிருக்கும் கேமராவின் எல்லையை நினைத்துக்கொண்டிருப்பதில்லை. என் மச்சான் ஒருவர் தன் டஃப் கேமராவை ஹவுசிங் இல்லாமல் கட்டிக்கொண்டு அப்படித்தான் இறங்கினார். ஒரு கட்டத்தில் பொத்தான்கள் எல்லாம் தாமாகவே உள்ளே அமுங்கிக்கொண்டன. திரையில் மெனு தானாகத் திறந்து மூடியது. மேலே வந்து பார்த்தபோது பேட்டரிக் கதவுக்குள் ஒரு கரண்டித் தண்ணீர். உப்புத் தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் அந்தக் கேமராவை மறந்துவிட வேண்டியதுதான். காய வைத்தாலும் உப்பு உள்ளே தங்கி அரித்துவிடும்.

அதனால் டைவிங் செய்கிறவருக்கு என் முடிவு ஒன்றுதான்: ஹவுசிங் கட்டாயம். டிஜி-6க்கும் டிஜி-7க்கும் பொருந்துகிற பிடி-059 ஹவுசிங் 45 மீட்டர் தாங்கும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசைக்குச் சோனியே 40 மீட்டர் ஹவுசிங் போட்டது. இதில் எனக்குப் பிடித்தது, தண்ணீர் புகாத கேமராவை ஹவுசிங்குக்குள் வைப்பது. ஹவுசிங் கசிந்தால்கூட உள்ளே இருக்கும் கேமரா ஓரளவு சமாளித்துக்கொள்ளும், நாம் மெதுவாக மேலே வர நேரம் இருக்கும். சாதாரணக் கேமரா ஹவுசிங்கில் இருந்து கசிந்தால் அந்த வாய்ப்பே இல்லை. முதல் முறை வாங்குகிறவருக்கு இந்த இரட்டைக் காப்பு பெரிய ஆறுதல்.

இன்னொன்று. கடைக்குள் நுழைந்து கேமராவை முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஹவுசிங் தேடுகிறவர்கள் நிறையப் பேர். தலைகீழாகச் செய்ய வேண்டும். அந்த மாடலுக்கு ஹவுசிங் இப்போது கிடைக்கிறதா, இங்கே கையிருப்பில் இருக்கிறதா, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் தனியாக வாங்க முடியுமா என்று பார்த்துவிட்டுத்தான் கேமரா. ஹவுசிங் ஒவ்வொரு மாடலின் பொத்தான் இருக்கும் இடத்துக்கு ஏற்ப வார்க்கப்படுகிறது. டிஜி-6, டிஜி-7 போலச் சில ஜோடிகளைத் தவிர, தம்பி மாடலின் ஹவுசிங் அண்ணன் மாடலுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. கேமரா உற்பத்தி நின்ற சில வருடத்தில் ஹவுசிங்கும் கடையிலிருந்து மறைந்துவிடும். விலையும் கேமராவுக்குச் சளைத்ததல்ல. சில நேரம் அதைவிடக் கூடுதல். கையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறதோ அதில் பாதியைத்தான் கேமராவுக்கு என்று ஒதுக்குங்கள்.

அடுத்தது கிட்டம். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாகச் சொல்வேன்.

தண்ணீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கும். ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்க ஆரம்பிக்கும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். கடைசியில் மிஞ்சுவது நீலமும் பச்சையும். நம் கண்ணும் மூளையும் ஓரளவு ஈடுகட்டிவிடுவதால் கீழே இருக்கும்போது எல்லாம் அழகாகத்தான் தெரியும். படத்தில்தான் எல்லாமே நீலப் போர்வைக்குள் இருக்கும். பலர் இதை ஆழத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவார்கள். உண்மையில் வெளிச்சம் தண்ணீருக்குள் நடக்கிற மொத்தத் தூரம்தான் கணக்கு. 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் பவளத்தை நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், சூரிய வெளிச்சம் மொத்தம் 12 மீட்டர் தண்ணீரைக் கடந்து லென்ஸுக்கு வருகிறது. அதே பவளத்துக்கு 30 சென்டிமீட்டர் கிட்டப் போய் உங்கள் கையிலிருக்கும் விளக்கைப் போட்டால், அந்த விளக்கின் வெளிச்சம் போய்த் திரும்பும் தூரம் 60 சென்டிமீட்டர்தான். சிவப்பு சிவப்பாகவே வரும்.

இதனால்தான் கடலுக்கடியில் ஜூம் என்பது அநேகமாக வீண். ஜூம் தூரத்தைக் குறைத்ததுபோல் காட்டும், நடுவில் இருக்கும் தண்ணீர் அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீரில் மிதக்கும் தூசியும் அப்படியே இருக்கும். பெட்டியில் எட்டு மடங்கு, பத்து மடங்கு ஜூம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் அந்தப் பணம் கடலில் பயன்படாது. கேமரா எவ்வளவு அருகில் குவியும் என்பதைத்தான் விவரத்தாளில் தேட வேண்டும். டிஜி வரிசையில் மைக்ரோஸ்கோப் மோடு என்று ஒன்று உண்டு. லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தூரத்திலும் குவியும். எந்தத் துணை லென்ஸும் வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த ஒரு வசதிக்காகவே அந்தக் கேமராவை வாங்கலாம்.

பெர்ஹெந்தியானில் தோக்கோங் லாவுட் என்று ஒரு பாறை. கோயில் என்ற பெயரே அதற்குப் பொருத்தம். மேலே கொஞ்சம் தலை காட்டும், கீழே பெரிய சுவர்போல் இறங்கும். அங்கே ஒரு மடிப்பில் என் பயிற்றுநர் விரலால் காட்டியபோது முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு நியூடிபிராங்க். ஓடில்லாத கடல் நத்தை அது. உடம்பு வெள்ளை, விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு, முதுகில் பூங்கொத்துபோல் செவுள் விரிந்திருந்தது. ஹவுசிங்கின் கண்ணாடி கிட்டத்தட்ட அதைத் தொடுமளவுக்குக் கொண்டுபோனேன். கேமரா குவிந்துவிட்டது, ஆனால் படம் இருட்டு. அவ்வளவு கிட்டப் போனால் கேமராவே வெளிச்சத்தை மறைத்துக்கொள்கிறது. கொஞ்சம் பின்வாங்கி, ஓரளவு ஜூம் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து பிடித்தபோதுதான் செவுளின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக வந்தது. அந்தப் படத்தை இன்றைக்கும் பெரிதாக்கிப் பார்ப்பேன். 12 மெகாபிக்சல்தான். ஒன்றும் குறையாகத் தெரியவில்லை.

பினாங்குக்காரர்களுக்கு இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. பாயாரில் தண்ணீர் கலங்கியிருக்கும் நாளில் தூரக் காட்சி எதுவும் எடுபடாது. அன்றைக்குச் சின்ன உயிர்களைத் தேடி ஒரு சாண் தூரத்தில் எடுப்பதுதான் ஒரே வழி. ஒரு சாண் தண்ணீரில் கலங்கலும் பெரிதாகத் தெரியாது. தெளிந்த கடலிலேயே பழகியவர்களைவிட நம்மவர்கள் சீக்கிரம் கிட்டப் போகக் கற்றுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கரையோரம் சுற்றும் கருமுனைச் சுறாக் குட்டிகள் முழங்காலளவுத் தண்ணீரிலேயே வரும். அவற்றைத் துரத்தாமல் கேமராவைத் தண்ணீருக்குள் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றால் அவையே கிட்ட வரும்.

சரி, கேமராக்களுக்கு வருகிறேன். என் சித்தி மகன் போன வருடம் கேட்டான்: "அண்ணே, ஆர்எக்ஸ்100ல 20 மெகாபிக்சல், சென்சாரும் பெரிசு. டிஜில 12தான், சென்சார் குட்டி. எதுக்கு டிஜி எடுக்கணும்?" நியாயமான கேள்வி. ஆர்எக்ஸ்100இலும் கேனன் ஜி7எக்ஸிலும் இருப்பது ஓர் அங்குலச் சென்சார். டிஜியின் சென்சாரைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பரப்பு. வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் சுத்தமாக வரும், கடல் நீலத்தின் மென்மையான மாற்றங்கள் திட்டுத்திட்டாக உடையாமல் வரும். ஆமை, திருக்கை, மீன் கூட்டம், பவளச் சுவர் என்று அகலமாக எடுக்க ஆசைப்படுகிறவருக்கு அது மேல். ஆனால் ஆர்எக்ஸ்100 அகலக் கோணத்தில் மட்டும்தான் ஐந்து சென்டிமீட்டர் வரை குவியும். ஜூம் நீட்டினால் கிட்டே குவியாது. சின்ன உயிர்களை எடுக்க ஹவுசிங்குக்கு முன்னால் மாட்டும் மேக்ரோ லென்ஸ் தனியாக வேண்டும். அகலமாக எடுக்கவும் ஒரு வைட் லென்ஸ் தேவைப்படும். ஏனென்றால் தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தண்ணீரைப் பார்க்கும்போது ஒளி வளைந்து, எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். 24 மில்லிமீட்டர் லென்ஸ் தண்ணீருக்குள் 32 மில்லிமீட்டர் லென்ஸைப் போலத்தான் நடந்துகொள்ளும். ஹவுசிங், இரண்டு துணை லென்ஸ், ஸ்ட்ரோப் எனும் தனி ஃப்ளாஷ் என்று சேர்ந்தால் "சின்னக் கேமரா" என்று வாங்கியது ஒரு பெட்டி நிறைய ஆகிவிடும். அதைச் சுமக்கத் தயாராக இருந்தால், அதற்கான பணமும் இருந்தால், தாராளமாகப் போகலாம். அவனுக்குச் சின்ன உயிர்கள் மேல்தான் ஆசை, வருடத்துக்கு ஒன்றிரண்டு பயணம்தான் போவான். டிஜி எடுக்கச் சொன்னேன்.

டிஜி வரிசையில் எது என்றால், 2015இல் வந்த டிஜி-4இலிருந்து ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே, சேமிக்க முடியும். அதற்கு முந்தையதைத் தொட வேண்டாம். ராவில் எடுத்த படத்தை வீட்டுக்கு வந்து நிறம் திருத்தலாம். ஜேபெக் அந்த அளவுக்கு இடம் கொடுக்காது. 2019இல் வந்த டிஜி-6க்கும், ஒலிம்பஸ் கேமராப் பிரிவு ஓஎம் சிஸ்டம் ஆன பிறகு 2023இல் வந்த டிஜி-7க்கும் படத்தின் தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டிஜி-7இல் யூஎஸ்பி-சி இருக்கிறது. நல்ல நிலையில் டிஜி-6 கிடைத்தால், மிச்சமாகும் வெள்ளியில் ஒரு நல்ல டார்ச் வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

கதவே இல்லாமல் முழுக்க மூடி வார்த்த கேமராவும் உண்டு. சீலைஃப் மைக்ரோ 3.0 அப்படி. 60 மீட்டர் வரை, நினைவகம் உள்ளேயே, ஓ-ரிங் கவலையே இல்லை. பொத்தான்கள் பெரிது. பராமரிப்பில் பொறுமை இல்லாதவர்களுக்கும் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் நல்லது. நுண்ணிய உயிர்களுக்கு அது அல்ல.

கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராக்கள் வீடியோவுக்கு அருமை. தலையில், கையில், குச்சியில் மாட்டிக்கொண்டு போகலாம்; ஆமை பக்கத்தில் நீந்தும்போது அதன் அகலப் பார்வைக்கு ஈடு இல்லை. ஹவுசிங் இல்லாமல் 10 மீட்டர், டைவ் ஹவுசிங் போட்டால் 60 மீட்டர். ஆனால் அதற்கு ஃப்ளாஷ் கிடையாது, மிகக் கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடும். புகைப்படம்தான் ஆசை என்றால் அதை முதல் கேமராவாக வாங்க வேண்டாம். கைப்பேசியை வெறுமனே தண்ணீருக்குள் கொண்டுபோவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். தண்ணீர் தாங்கும் என்பதற்குக் கைப்பேசியில் போடும் ஐபி68 என்ற எண் ஆய்வகத்தில் நல்ல தண்ணீரில் சோதித்துக் கொடுத்தது, கடலுக்கு அல்ல. கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் பை படகில் சாரல் படாமல் இருக்கத்தான்.

வெளிச்சத்துக்கு வருவோம். கேமராவிலேயே இருக்கும் ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பதால், லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கும் ஒவ்வொரு துகள் மேலும் வெளிச்சம் பட்டுத் திரும்பும். படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. இரவில் மழையில் காடியின் உயர் விளக்கைப் போட்டால் கண்முன் தாரைதான் தெரியும், சாலை தெரியாது, அதேதான். விளக்கை லென்ஸிலிருந்து தள்ளி, பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு தட்டும் கைப்பிடியும் வாங்கி, அதன் நுனியில் டார்ச்சோ ஸ்ட்ரோபோ மாட்டுவார்கள். ஆரம்பத்தில் அகலமாகப் பரவும் வீடியோ டார்ச் ஒன்று போதும். என்ன வெளிச்சம் விழுகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டு எடுக்கலாம், படம் எடுக்காத நேரத்தில் பாறை இடுக்கில் தேடவும் அதுவே உதவும். ஸ்ட்ரோப் அதைவிடப் பல மடங்கு சக்தி, மீனின் அசைவை உறைய வைக்கும். அதைக் கேமராவின் ஃப்ளாஷே ஃபைபர் கேபிள் வழியாகத் தூண்டும் என்பதால், ஃப்ளாஷ் இல்லாத கேமரா வாங்கினால் பிற்பாடு ஸ்ட்ரோப் சேர்ப்பது கஷ்டம். வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விளக்கே இல்லாமல் ஸ்நோர்கலிங் செய்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். ஐந்து மீட்டருக்குள், வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றால் நிறம் நன்றாகவே வரும். டிஜியில் தண்ணீருக்கென்று தனி மோடுகளும், ஆழத்துக்கேற்ற வைட் பேலன்ஸும் இருக்கின்றன. அதைவிட நல்லது கஸ்டம் வைட் பேலன்ஸ்: வெள்ளை ஸ்லேட்டையோ, அது இல்லாவிட்டால் வெளிறிய மணலையோ காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிவிடுவது. ஆழம் மாறினால் மறுபடியும் சொல்ல வேண்டும். கடையில் கேமராவைக் கையில் எடுத்ததும் இந்த வசதிக்கு எத்தனை பொத்தான் அமுக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் கடலில் யாரும் செய்யமாட்டார்கள். சிவப்பு ஃபில்டர் விற்பார்கள். நடு ஆழத்தில் வீடியோவுக்குப் பயன்படும், விளக்கோடு சேர்த்துப் போடக் கூடாது.

வாங்குவது எங்கே? பினாங்கில் கேமராக் கடைகள் இருந்தாலும் ஹவுசிங்கைத் தொட்டுப் பார்த்து வாங்கக் கோலாலம்பூருக்குப் போவதுதான் வழக்கம். டைவிங் கடைகளில் ஹவுசிங், டார்ச், துணை லென்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், விற்கிறவரும் கடலில் இறங்கியவராக இருப்பார். கேமராவை மட்டும் புடு, புக்கிட் பிந்தாங் பக்கம் விசாரித்தால் விலை குறையலாம். அங்கே "ஏபி செட்டா, ஒரிஜினல் செட்டா?" என்று கேளுங்கள். ஏபி செட் என்பது தயாரிப்பாளரின் இந்நாட்டு விநியோகஸ்தர் வழியாக வராமல் வேறு வழியில் இறக்குமதியானது. விலை குறைவு, ஆனால் உத்தரவாதம் அந்தக் கடையோடு நின்றுவிடும். தரையில் பயன்படுத்தும் கேமராவுக்கு நான் ஏபி செட் வாங்கியிருக்கிறேன். தண்ணீருக்குள் போகும் கேமராவுக்கு வாங்கமாட்டேன்.

பழையது வாங்குவதானால் நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பேட்டரிக் கதவைத் திறந்து உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் உப்பு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. ஹவுசிங்கின் பொத்தான் ஒவ்வொன்றையும் அழுத்தி, உடனே துள்ளி மேலே வருகிறதா என்று பாருங்கள். சோம்பலாக வரும் பொத்தானுக்கு உள்ளே உப்புக் கட்டியிருக்கிறது. ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தைக் கைப்பேசி விளக்கடித்துப் பாருங்கள். அதில் ஒரு கீறல் இருந்தால் புது ஓ-ரிங் போட்டும் பயனில்லை. வாங்கி வந்த ஹவுசிங்கை, புதியதோ பழையதோ, முதலில் கேமரா இல்லாமல் ஒரு டிஷ்யூத் தாளை மட்டும் உள்ளே வைத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும். வாளித் தண்ணீர் ஆரம்பம்தான். முதல் டைவில் வெறும் ஹவுசிங்கோடு இறங்கி, தாள் காய்ந்தே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த டைவில் கேமரா.

ஓ-ரிங் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். முழு ஹவுசிங்கையும் காப்பாற்றுவது அந்த மெல்லிய ரப்பர் வளையம்தான். நான் டைவுக்கு முந்தின இரவு விடுதி அறையில் நிதானமாக அதைச் செய்வேன். காலையில் பசியாறிவிட்டுப் படகுக்கு ஓடும் அவசரத்தில் செய்ய முடியாது. வளையத்தைக் கூரில்லாத பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகத் தூக்கி எடுத்து, விளக்கடியில் இரண்டு விரலுக்கு நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றித் தடவுவேன். கண்ணுக்குத் தெரியாத மணல் விரலுக்குத் தெரியும். ஒருமுறை என் மனைவியின் தலைமுடி ஒன்று பள்ளத்தில் குறுக்கே கிடந்தது, விளக்கைச் சாய்த்தபோதுதான் அது பளபளத்தது. அந்த ஒரு முடி போதும், 20 மீட்டரில் தண்ணீர் அதன் வழியே நுழைய. கிரீஸ் பளபளப்பு வருமளவுக்கு மட்டும். கூடுதலாகப் பூசினால் காப்பு கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு, கூடுதல் கிரீஸில் தூசிதான் ஒட்டும். ஹவுசிங் தயாரிப்பாளர் கொடுத்த கிரீஸையே போடுங்கள். வேறொன்றைப் போட்டால் சில ரப்பர் ஊதிவிடும்.

நம் நாட்டு ஈரக் காற்று இன்னொரு தொல்லை. படகில் வெயிலில் ஹவுசிங்கைத் திறந்து மூடினால் ஈரக் காற்று உள்ளே அடைபடும். கீழே போனதும் கேமரா சூடேறும், முன்கண்ணாடி குளிரும், கண்ணாடியின் உள்பக்கம் பனி படியும். டைவ் முழுக்க எதுவும் எடுக்க முடியாது. அறையில் ஏர்கோன் ஓடும்போது, காற்று காய்ந்திருக்கும் நேரத்தில், சிலிக்கா ஜெல் பை ஒன்றை உள்ளே வைத்து மூடிவிட்டு, அன்றைய டைவ்கள் முடியும்வரை திறக்காமல் இருப்பதுதான் வழி. அதற்கேற்றாற்போல் பேட்டரி முழுதாக, கார்டு காலியாக இருக்கட்டும். சபாவில் இருக்கும் சிப்பாடான் தீவுப் பக்கம் போக தாவாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் ஹவுசிங்கை இறுக்கிப் பூட்டிக் கொண்டுபோக வேண்டாம். காற்றழுத்த வித்தியாசத்தில் இறங்கிய பிறகு திறக்கவே வராது. உதிரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும்.

டைவ் முடிந்ததும் உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் பலமுறை அமுக்க வேண்டும். படகில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு தொட்டி இருக்கும். அதில் மற்றவர்களின் முகக்கண்ணாடியும் இடுப்பு எடையும் வந்து விழும். நான் என் கேமராவுக்கென்று ஒரு சின்னத் துணிவாளி கொண்டுபோகிறேன்.

கேமரா வாங்கிய உற்சாகத்தில் புதிதாக டைவிங் கற்றவர்கள் மறப்பது ஒன்று உண்டு. உடம்பைத் தண்ணீரில் ஒரே மட்டத்தில் நிறுத்தத் தெரியாமல் கேமராவை எடுத்தால், கண் திரையில் இருக்கும், காலணித் துடுப்பு பவளத்தில் இருக்கும். வளர வருடக்கணக்கில் ஆன கிளை ஒரே உதையில் போய்விடும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றும் மறந்துபோகும், கூட வந்தவரும் மறந்துபோவார். சில டைவிங் மையங்கள் பயிற்சியில் இருப்பவர்களைக் கேமராவோடு இறங்க விடுவதில்லை. அது சரியான ஏற்பாடு என்பதே என் கருத்து. கடல் பூங்காக்களில் கேமராவுக்கென்று கட்டுப்பாடு ஏதாவது இருக்கிறதா என்றும் புறப்படும் முன் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை நீச்சல் குளத்தில் பழகலாம். குளத்தின் அடியில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்து, அதைத் தொடாமல், தரையைத் தொடாமல், ஒரு சாண் தூரத்தில் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு கூர்மையாக ஒரு படம் எடுக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். என் சித்தி மகன் இரண்டு மாதம் ஜார்ஜ் டவுனில் இதைத்தான் செய்தான். பெர்ஹெந்தியானில் அவன் எடுத்த முதல் கோமாளி மீன் படத்தில் அதன் கண்ணைச் சுற்றிய ஆரஞ்சு வளையம்கூடத் தெளிவாக இருந்தது.

ஸ்நோர்கலிங் செய்கிறவர்கள் மிதக்கும் பட்டை ஒன்றைக் கேமராவில் கட்டிக்கொள்ளுங்கள், ஆரஞ்சோ மஞ்சளோ, தூரத்திலிருந்து தெரிகிற நிறத்தில். டிஜி தானாக மிதக்காது, கைநழுவினால் நேராகக் கீழே போய்விடும். டைவிங் செய்கிறவர்களுக்கு அந்தப் பட்டை இடைஞ்சல், கையை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அவர்களுக்குச் சுருள் கயிறும் மார்பில் மாட்டும் கொக்கியும் போதும்.

ஹவுசிங் ஓ-ரிங்கை வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும். கிழக்குக்கரை மூடியிருக்கும் டிசம்பர், ஜனவரியில் நான் அந்த வேலையை வைத்துக்கொள்வேன். புது ஓ-ரிங் வர ஆர்டர் போட்டால் சில நேரம் வாரக்கணக்கில் ஆகும். மார்ச்சில் படகுகள் ஓடத் தொடங்கும்போது கையில் இருக்க வேண்டுமென்றால் பொங்கலுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.